எம்ஆர்என்ஏ ஊசி போட்டால் மரபணு மாறுமா? டெங்குவுக்கும் அதே ஊசி வருகிறதாமே?

கீழக்கரை மகள்:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். ஒரு வருடமாக இந்தக் குழுவில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் காக்கா, அதாவது அண்ணன், பன்னிரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். 2021இல் அங்கே பைசர் இரண்டு ஊசி, அடுத்த வருடம் மாடர்னா ஒன்று போட்டுக்கொண்டார். வரும் மாதம் அவருக்கு நிக்காஹ். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆடியோ வந்தது. ஒன்பது நிமிடம். தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், எம்ஆர்என்ஏ ஊசி போட்டவர்களின் மரபணு மாறிவிட்டது, பிறக்கும் பிள்ளைகளுக்கும் அது போகும் என்கிறார். பேர் இல்லை, ஊர் இல்லை, ஆனால் குரலில் அவ்வளவு நிதானம். அதைக் கேட்ட நாளிலிருந்து உம்மா சரியாகத் தூங்கவில்லை. பெண் வீட்டு மாமி ஒருவர் போன் போட்டு, மாப்பிள்ளை அங்கே எந்த ஊசி போட்டார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டும்விட்டார். காக்காவிடம் சொல்லவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை.

இன்னொன்று. போன நவம்பர் மழையில் என் மகனுக்கு டெங்கு. ஏழு வயது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தினமும் காலையில் ரத்தம் எடுத்துப் போவார்கள், பதினொரு மணிக்கு ஒரு சின்னச் சீட்டில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை வரும். 92 ஆயிரம், 61 ஆயிரம், 38 ஆயிரம் என்று இறங்கிக்கொண்டே போனது. அந்தச் சீட்டுகளை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். அப்போது பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர், கொரோனாவுக்குப் போட்டார்களே எம்ஆர்என்ஏ, அதே முறையில் டெங்குவுக்கும் ஊசி செய்கிறார்கள், வந்துவிட்டால் இந்தப் பாடு இருக்காது என்று சொன்னார். அன்றைக்கு அந்தச் சொல் ஆறுதலாக இருந்தது. இப்போது அதே சொல்லைக் கேட்டு வீடே பயந்து கிடக்கிறது.

மரபணு மாறும் என்பது உண்மையா? உம்மாவும் நானும் இங்கே போட்ட கோவிஷீல்டும் அதே வகையா? டெங்குவுக்கு அப்படி ஓர் ஊசி வருகிறதா? காய்ச்சல் வந்த பிறகும் குணப்படுத்த இந்த முறையால் முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தயவுசெய்து பொத்தாம்பொதுவாக வேண்டாம்.


தொண்டிக்காரன்:

லாத்தா, வஅலைக்கும் ஸலாம். நான் தொண்டி, இப்போது பெங்களூரில் ஆராய்ச்சி மாணவன். தினமும் ஆர்என்ஏவைக் கையில் வைத்துத்தான் வேலை, அதனால் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மூலப்பத்திரம் உள்ளறைப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். அதுதான் டிஎன்ஏ. வாசலில் பண்டாரி அடுப்பு மூட்டிக் காத்திருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது: இத்தனை படி அரிசி, இத்தனை கிலோ கறி. அதைப் பார்த்துச் சமைக்கிறார். அந்தச் சீட்டுதான் எம்ஆர்என்ஏ. சமையல் முடிவதற்குள் அது நெய்யும் தண்ணீரும் பட்டு நைந்து அடுப்பங்கரையிலேயே போய்விடும். நம் உடம்பின் செல்களுக்குள் இப்படி ஆயிரக்கணக்கான சீட்டுகள் எப்போதும் வந்து, வேலை முடிந்து, அழிந்துகொண்டே இருக்கின்றன. தடுப்பூசி செய்வது வெளியிலிருந்து ஒரு சீட்டைப் பண்டாரி கையில் கொடுப்பது மட்டும்தான். கொரோனா வைரஸின் மேல்தோலில் முள் மாதிரி நிற்கும் ஸ்பைக் புரதத்தை மட்டும் செய்யச் சொல்லும் சீட்டு அது. அந்தப் புரதத்தைப் பார்த்து உடம்பின் காவல் அணுக்கள் பழகிக்கொள்கின்றன. சீட்டு உள்ளறைக்குப் போவதில்லை, பெட்டியைத் திறப்பதில்லை. தசையில் சில நாளில் அழிந்துவிடும், அக்குள் பக்கத்து நிணநீர்க் கணுக்களில் சில வாரம் வரை தடயம் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் உம்மாவிடம் அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று. டெங்கு வைரஸின் உள்ளே இருப்பதே ஒரு ஆர்என்ஏ சீட்டுதான். செல்லுக்குள் நுழைந்ததும் அது நேராகப் பண்டாரியிடம் போய் எம்ஆர்என்ஏ மாதிரியே வாசிக்கப்படும். கொரோனா வைரஸும் அப்படியே. அதாவது போன நவம்பரில் உங்கள் மகன் உடம்பில் கணக்கில்லாத வெளிச் சீட்டுகள் ஓடின, அதுவும் தன்னைத்தானே நகலெடுக்கும் கருவியைச் செய்யும் குறிப்போடு. அதனால்தான் பிள்ளைக்கு அவ்வளவு காய்ச்சல். ஆனாலும் அவன் மரபணு மாறவில்லை. அப்படியிருக்க, நகலெடுக்கும் குறிப்பே இல்லாத, ஒரே ஒரு புரதத்தை மட்டும் சொல்லும் சீட்டைப் போட்டுக்கொண்டவருக்கு மட்டும் எப்படி மாறும்? பைசர் ஒரு ஊசியில் இருந்தது 30 மைக்ரோகிராம். தூள் உப்பின் ஒரு துகள்கூட அதைவிட எடை அதிகம்.

இது எவ்வளவு சீக்கிரம் அழியும் பொருள் என்று கண்ணால் பார்ப்பவன் நான். நம் விரல் வியர்வையிலேயே ஆர்என்ஏவைத் தின்னும் நொதி இருக்கிறது. முதல் வருடம், கையுறை மாட்டாமல் ஒரு டியூபின் மூடியைத் திறந்துவிட்டேன், ஒரு நொடிதான். மறுநாள் ஜெல்லில் பார்த்தால் தெளிவான இரண்டு கோடு தெரிய வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு தீற்றல். இரண்டு வார வேலை போனது. அதனால்தான் ஊசியில் இதைக் கொழுப்பு உருண்டைக்குள் பொதிந்து தருகிறார்கள். நான்கு வகைக் கொழுப்பு, அதில் ஒன்று நாம் எல்லோரும் கேள்விப்பட்ட கொலஸ்ட்ரால். செல் அந்த உருண்டையை விழுங்கியதும், உள்ளே இருக்கும் புளிப்புச் சூழலில் இன்னொரு கொழுப்பு மின்னேற்றம் பெற்று உறையை உடைக்க, சீட்டு வெளியே வருகிறது.

கோவிஷீல்டு வேறு வகை. சிம்பன்சிக்கு வரும் சளி வைரஸ் ஒன்றைப் பெருக முடியாதபடி ஆக்கி, அதன் வழியாகக் குறிப்பை அனுப்பும் முறை. கோவாக்சின் கொன்ற வைரஸ். 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் ஊசி தொடங்கியதிலிருந்து நம் மாவட்டத்தில் பெரும்பாலும் போட்டது இந்த இரண்டும்தான். எம்ஆர்என்ஏ போட்டவர்கள் நம் பக்கத்தில் யார் என்று பார்த்தால், சிங்கப்பூர், துபாய், கத்தார் என்று போனவர்கள்தான் அதிகம். அந்த ஆடியோ நம் கடலோர வீடுகளில் இவ்வளவு தைப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன், வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறாரே.


மண்டபம் வாசி:

தம்பி, நன்றாக விளக்கினாய். ஆனால் எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறதே, அதுதான் உறுத்துகிறது. எனக்கு 58 வயது, நண்டு வியாபாரம். என் தங்கை மகன் அபுதாபியில் பைசர் இரண்டாவது ஊசி போட்ட மூன்றாம் நாள் நெஞ்சுவலி என்று போய் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தான். இதயத் தசையில் வீக்கம் என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறான், கப்பலில் வேலை. ஆனால் அன்றைக்கு நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். அதைப் பற்றி யாருமே வாய் திறப்பதில்லை, திறந்தால் வதந்தி பரப்புகிறான் என்கிறார்கள். இன்னொன்று, எச்ஐவி வைரஸ் ஆர்என்ஏதானே, அது டிஎன்ஏவாக மாறி மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது என்று நானே படித்திருக்கிறேன். அப்படியானால் உன் சீட்டு உள்ளறைக்குப் போகவே போகாது என்று எப்படிச் சொல்கிறாய்?


தொண்டிக்காரன்:

மாமா, இரண்டுமே கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் தங்கை மகனுக்கு வந்தது மயோகார்டைட்டிஸ். அது வதந்தி இல்லை, ஊசியின் உண்மையான பக்கவிளைவு. பெரும்பாலும் இளவயது ஆண்களுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பிறகு, சில நாட்களுக்குள். இஸ்ரேலில் 16 முதல் 19 வயது வரையிலான பையன்களில் ஏறக்குறைய 6,600 பேரில் ஒருவருக்கு வந்ததாக 2021இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் உங்கள் பையன் மாதிரியே சில நாளில் தேறிவிட்டார்கள். கொரோனாவாலும் இதே வீக்கம் வரும். இதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஆடியோக்காரருக்கு இடமே இருந்திருக்காது என்பது என் கருத்து. மறைக்கப்பட்ட ஒரு உண்மை பத்துப் பொய்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அதே மாதிரி, ஊசி போட்டால் தொற்றே வராது என்று ஊதியதும் தவறு. தொற்றைத் தடுக்கும் சக்தி சில மாதத்தில் குறைந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் கபருஸ்தானுக்கும் போகாமல் தடுக்கும் சக்தி நீண்ட நாள் நின்றது.

எச்ஐவி விஷயம். அது ஆர்என்ஏவை டிஎன்ஏவாகத் திருப்பி எழுதும் நொதியையும், அதை மரபணுவில் தைக்கும் நொதியையும் தன் பையிலேயே கொண்டுவருகிறது. தடுப்பூசியில் இரண்டும் கிடையாது. முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன்: 2022இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில், கல்லீரல் புற்றுநோய் செல்களைத் தட்டில் வளர்த்து அதில் பைசர் ஊசியை ஊற்றியபோது டிஎன்ஏ நகல் கொஞ்சம் தென்பட்டது. அது மரபணுவில் தைக்கப்பட்டதாக அவர்கள் காட்டவில்லை, மனித உடம்பிலும் பார்க்கவில்லை. ஆடியோக்காரர்கள் இதைத்தான் இழுத்து நீட்டுகிறார்கள். புற்றுநோய் செல் என்பது கட்டுப்பாடு கெட்ட செல், அதை வைத்துத் தோள்பட்டைத் தசையைப் பற்றிப் பேச முடியாது.

லாத்தா, மாப்பிள்ளை விஷயமாக ஒன்று. 2021இல் மயாமியில் 45 ஆண்களின் விந்தணுவை, ஊசிக்கு முன்பும் இரண்டாவது ஊசி முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகும் எடுத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கையிலும் அசைவிலும் குறைவே இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் அந்த மாமிக்குப் பதில் சொல்ல உதவும்.


கடலோர நர்ஸ்:

தங்கச்சி, நான் ராமேஸ்வரம் தீவில் கிராம சுகாதார செவிலியர், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தம்பி சீட்டின் கதையைச் சொல்லிவிட்டார், அந்தச் சீட்டைச் சுமந்துகொண்டு வருகிறவர்களின் கதையை நான் சொல்கிறேன்.

பைசர் ஊசியை மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டும் என்று முதலில் படித்தபோது நான் வாய்விட்டுச் சொன்னேன், இது நம் ஊருக்கு இல்லை என்று. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பது ஐஎல்ஆர் என்ற ஊசிக் குளிர்பெட்டி, 2 முதல் 8 டிகிரி வரை. காலையும் மாலையும் தெர்மாமீட்டர் பார்த்து நோட்டில் எழுதுவோம். அங்கிருந்து நீலநிற வேக்சின் கேரியரில் நான்கு ஐஸ்பேக் வைத்துக் கிளம்ப வேண்டும். ஐஸ்பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் வைத்துவிடக் கூடாது, வெளியே வைத்து மேலே வியர்த்த பிறகு காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் சளக் என்று அலம்ப வேண்டும். அலம்பினால்தான் உள்ளே வைக்கலாம், இல்லாவிட்டால் குழந்தைகளுக்குப் போடும் பென்டாவேலன்ட் மாதிரி ஊசிகள் உறைந்து கெட்டுவிடும். சூடும் ஆகக் கூடாது, உறையவும் கூடாது. தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன் இந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணலில் வேனில் போவேன். சக்கரம் புதைந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள், நான் மட்டும் பெட்டியோடு நிழல் தேடி ஓடுவேன். அங்கே நிழல் ஏது, தேவாலய இடிபாட்டின் சுவரோரம்தான்.

அதனால் என் ஆசை எல்லாம் இந்த எம்ஆர்என்ஏ நம் ஐஎல்ஆர் பெட்டிக்கு இறங்கி வர வேண்டும் என்பதுதான். புனேயில் ஜெனோவா என்ற கம்பெனி அதைச் செய்திருக்கிறது. ஜெம்கோவாக் என்று பேர், 2022 ஜூனில் அவசர அனுமதி கிடைத்தது. ஒமிக்ரானுக்கான ஊசி அடுத்த வருடம் வந்தது. பொடியாக வரும், 2 முதல் 8 டிகிரி போதும், ஊசிமுனை இல்லாமல் தோலுக்குள் அழுத்தத்தில் செலுத்தும் கருவியில் போடுவது. கொரோனா அடங்கிய பிறகு வந்ததால் இங்கே யாரும் கவனிக்கவில்லை. ஆனால் பொடியாக, சாதாரணக் குளிர்பெட்டியில் வைக்க முடியும் என்று நம் நாட்டிலேயே காட்டிவிட்டார்கள் இல்லையா, அது எனக்குப் பெரிய விஷயம். ஐஸ் பெட்டியில் மீனை வைத்து மதுரைக்கு அனுப்புகிற ஊரில், குளிர் அறுந்தால் சரக்கு போச்சு என்பதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் வதந்தி. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது, ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். அப்போதும் இப்படித்தான், பிள்ளை பெறும் சக்தி போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு பள்ளியில் நான் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மூன்று தாய்மார் வகுப்புக்குள் வந்து பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். நான் கோபப்படவில்லை. சாயங்காலம் மூன்று வீட்டுக்கும் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் மறுவாரம் வந்தார்கள். மூன்றாவது வீட்டில் கடைசிவரை வரவில்லை, அந்தப் பிள்ளை இப்போதும் என்னைப் பார்த்தால் சிரிக்கும், எனக்கு உள்ளே ஒரு கணக்கு பாக்கி நிற்கும். உன் உம்மாவிடம் ஆடியோவை நம்பாதீர்கள் என்று மட்டும் சொல்லாதே. பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வரி பயமுறுத்தியது என்று கேள், அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்.


இறால் பண்ணை:

குறுக்கே ஒரு கேள்வி. தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறேன். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஒரே வாரத்தில் குளமே காலி. இந்த எம்ஆர்என்ஏவை இறாலுக்குக் கொடுக்க முடியாதா?


தொண்டிக்காரன்:

அண்ணே, கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிப் பிடிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி; இறாலுக்கு நம்மைப் போல அதைச் செய்யும் அமைப்பே கிடையாது, அதனால் இந்த வகைத் தடுப்பூசி வேலை செய்யாது. வைரஸின் சீட்டையே வெட்டிப்போடும் இரட்டை இழை ஆர்என்ஏவை இறாலில் சோதித்து ஓரளவு பலன் பார்த்திருக்கிறார்கள். அது வேறு வழி, தனிப் பதிவில் பேசுவோம்.

இப்போது டெங்கு. லாத்தா, நேராகச் சொல்லிவிடுகிறேன்: டெங்குவுக்கு எம்ஆர்என்ஏ ஊசி இன்னும் கடைக்கு வரவில்லை, எலிகளில் நல்ல பலன் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், டெங்கு ஒரு வைரஸ் இல்லை, நான்கு. ஒன்று வந்து போனால் அதற்கு எதிரான ஆன்டிபாடி உடம்பில் நிற்கும். அடுத்த முறை வேறு வகை வந்தால் அந்தப் பழைய ஆன்டிபாடி அதை அழிக்காமல், ஒட்டிக்கொண்டு செல்லுக்குள் கூட்டிப் போய்விடக் கூடும். இரண்டாவது டெங்கு மோசமாவது பல நேரம் இதனால்தான். தடுப்பூசியும் அரைகுறையாக இருந்தால் முதல் தொற்றின் வேலையைச் செய்துவிடும். டெங்வாக்சியா என்ற ஊசியை, அது எம்ஆர்என்ஏ இல்லை, பிலிப்பைன்ஸில் 2016இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள், எட்டு லட்சத்துக்கும் மேல். அதற்கு முன் டெங்குவே வராத பிள்ளைகளுக்கு ஊசிக்குப் பிறகு நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது என்று 2017 நவம்பரில் கம்பெனியே சொன்னது, அடுத்த மாதம் திட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டில் மற்ற ஊசிகளின் மேலும் நம்பிக்கை சரிந்தது. ஆகவே டெங்குவில் அவசரப்படாமல் இருப்பது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எம்ஆர்என்ஏவுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. எந்தப் புரதத்தை எழுதுவது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆபத்தான ஆன்டிபாடியைத் தூண்டும் மேலுறையை விட்டுவிட்டு, வைரஸின் உள்வேலைப் புரதங்களை மட்டும் எழுதி, டி செல் என்ற கொலைகாரக் காவலர்களைப் பழக்கும் முயற்சி 2019இலேயே எலிகளில் நடந்தது. டெங்குவுக்கு எம்ஆர்என்ஏ ஊசி வருவதற்கு முன்பே நம் நாட்டில் வரக்கூடியது வேறு ஒன்று: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் பனேசியா பயோடெக் கம்பெனியும் சேர்ந்து டெங்கிஆல் என்ற வீரியம் குறைத்த உயிர் வைரஸ் ஊசியைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மூன்றாம் கட்டமாகச் சோதிக்கிறார்கள், 2024 ஆகஸ்டில் தொடங்கியது. நான்கு வகைக்கும் சேர்த்து ஒரே ஊசி.

மற்ற நோய்களில் எங்கே நிற்கிறது என்றால், முதியவர்களின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு மாடர்னாவின் எம்ஆர்என்ஏ ஊசிக்கு 2024 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கேரளாவில் நம் ஆட்கள் பயந்து ஊர் திரும்பினார்களே, அந்த நிபாவுக்கு 2022இல் முதல் கட்டச் சோதனை தொடங்கினார்கள். காசநோய்க்கும் சோதனை நடக்கிறது. தோல்வியும் உண்டு. சைட்டோமெகலோ என்ற வைரஸுக்கு மாடர்னா பல வருடம் உழைத்த ஊசி 2025 அக்டோபரில் கடைசிக் கட்டத்தில் தோற்றது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இல்லை. அதோடு 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு 22 எம்ஆர்என்ஏ திட்டங்களுக்கான ஏறக்குறைய 50 கோடி டாலரை நிறுத்தியது. எனக்கு அது மிகவும் வருத்தம். 1990களில் கட்டலின் கரிக்கோ என்ற பெண்மணிக்கு இதே ஆராய்ச்சிக்காகப் பணம் மறுக்கப்பட்டது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவியையும் இறக்கினார்கள். அவர் விடவில்லை. சீட்டில் உள்ள யூரிடின் என்ற எழுத்தைச் சற்றே மாற்றி எழுதினால் உடம்பு அதை எதிரி என்று பதறாது என்று, ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து 2005இல் காட்டினார். 2023இல் இருவருக்கும் நோபல். அந்த ஓர் எழுத்துக்குப் பிறகு போன பதினைந்து வருடத்தை மறந்துவிட்டு, இது 2020இல் அவசரமாகச் செய்தது என்று பேசுகிறார்கள்.

குணப்படுத்துவது பற்றி. தடுப்பூசி உடம்பைப் பழக்குவது, அதற்கு வாரக்கணக்கு ஆகும். காய்ச்சல் வந்து தட்டணு இறங்கும்போது அவ்வளவு நேரம் இல்லை. ஆனால் சீட்டில் வைரஸின் புரதத்துக்குப் பதிலாக, தயாரான ஆன்டிபாடியின் குறிப்பையே எழுதி நரம்பில் ஏற்றினால், கல்லீரல் அதைச் செய்து ரத்தத்தில் விட்டுவிடும். சிக்குன்குனியாவுக்கு இப்படி ஒன்றை மாடர்னா செய்து, ஆரோக்கியமான சிலரிடம் சோதித்தது, 2021இல் முடிவு வந்தது. வைரஸை முறியடிக்கும் அளவுக்கு ஆன்டிபாடி அவர்கள் ரத்தத்தில் வந்தது. நோயாளிகளிடம் இன்னும் நிரூபிக்கவில்லை. 2006இல் சிக்குன்குனியா வந்தபோது என் வாப்பா இரண்டு மாதம் சுவரைப் பிடித்துத்தான் தொழுகைக்கு முன் ஒளு செய்யப் போவார். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு அவர் நினைவாகவே இருந்தது.


மண்டபம் வாசி:

சரி தம்பி. நெஞ்சுவலி விஷயத்தை ஒப்புக்கொண்டு பேசினாய், அதுவே எனக்குப் போதும். இனி அந்த ஆடியோ வந்தால் நான் முன்னே அனுப்ப மாட்டேன்.


கடலோர நர்ஸ்:

தங்கச்சி, ஊசி வரும்வரை ஒரு வேலை இருக்கிறது. உன் மகனுக்கு ஒரு வகை வந்துவிட்டது, இன்னும் மூன்று பாக்கி. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் டிரம், குடம், சின்டெக்ஸ் என்று நிரப்பி வைக்கும் ஊர் நம்முடையது, டெங்கு கொசுவுக்கு அதுதான் தொட்டில். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும் டிபிசி ஆட்கள் வந்து மருந்து ஊற்றிவிட்டுப் போனால் போதும் என்று இருக்காதே. டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டினாலும் போகாது, முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த தண்ணீரில் பொரிக்கும். தேங்காய் நாரை வைத்து அந்த நீர்மட்டக் கோட்டைச் சுற்றி அழுத்தித் தேய், வாரம் ஒருமுறை. பிறகு வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டு. பையனுக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், புரூஃபன் வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே கிளம்பு, காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்குவில் கவனமாக இருக்க வேண்டிய நேரம்.


கீழக்கரை மகள்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி உம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வரி பயமுறுத்தியது என்று கேட்டேன். பேரப்பிள்ளைகளுக்கும் போகும் என்ற அந்த ஒரு வரிதான் என்றார். பண்டாரி சீட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் நம்ம புள்ளைக்கு டெங்கு வந்தபோதும் இதே சீட்டுதான் ஓடியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவரே போனை எடுத்து அந்த மாமியிடம் பேசினார், அரை மணி நேரம். காக்காவிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். அவருக்கு அந்த ஆடியோ போன மாதமே அறை நண்பர் மூலம் வந்துவிட்டதாம். எங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் அங்கே தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

இன்று காலை டிரம்மைக் காலி செய்து தேங்காய் நாரால் தேய்த்தேன். கோட்டைச் சுற்றி மிளகுத்தூள் ஒட்டின மாதிரி கறுப்புப் புள்ளிகள், நாரோடு வந்தன. இத்தனை நாளும் பாசி என்று நினைத்திருந்தேன். மகன் எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டான். அடுத்த வீட்டு லாத்தா பார்த்துவிட்டுத் தன் டிரம்மையும் பார்க்க வேண்டும் என்றார், அங்கே நாளை லாரி வரும் முன் தேய்க்கிறோம்.